வீடற்றவர் பாட்டும் அரைப்பேர் கணக்கும்

(உடையார்பாளையத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னை அழைத்தீர்கள். பகலெல்லாம் வயலிலும் முந்திரிக் காட்டிலும் தறியிலும் சிமெண்டு மில்லிலும் பாடுபட்டு வந்தவர்கள் நீங்கள். உங்கள் முன்னால் பாட்டைப் பற்றிப் பேசுவதா, கூலியைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் தயங்கினேன். யோசித்துப் பார்த்ததில் இரண்டும் ஒரே விஷயம்தான் என்று பட்டது. அது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வீடில்லாதவனைப் பற்றி இரண்டு பாட்டுகள். ஒன்று லண்டன் பட்டணத்தில் பிறந்தது. இன்னொன்று நம் தமிழ்நாட்டில், அரக்கோணத்துப் பேரன் ஒருவன் வாயில் பிறந்தது. இரண்டும் உலகம் சுற்றிய பாட்டுகள். அவை எப்படி உண்டாயின, யார் உண்டாக்கினார்கள், பலன் யாருக்குப் போயிற்று என்று பார்ப்போம்.

லண்டன் ஆற்றங்கரையில்

இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்று ஓர் இசைக்குழு. குழுவில் அந்தப் பெயருள்ள ஆள் யாரும் இல்லை. சுமார் 300 வருஷங்களுக்கு முன் அந்த நாட்டில் வாழ்ந்து, வரிசையாக விதை போடும் கருவியைச் செய்தவர் ஒருவர். அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். விவசாயி பெயரில் பாட்டுக் கச்சேரி! இவர்கள் பாடியதை 'முற்போக்கு ராக்' என்று அங்கே வகைப்படுத்துவார்கள். நாம் சொல்லும் முற்போக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று நிமிஷத்தில் முடிகிற சினிமாப் பாட்டு மாதிரி இல்லாமல், நீளமாக, வேகமும் நிதானமும் மாறி மாறி வரும்படி கட்டிய இசை என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் குழுவின் தலைவர் இயான் ஆண்டர்சன். அவருடைய அப்போதைய மனைவி ஜென்னி போட்டோக் கலை படித்து வந்தவர். தேம்ஸ் நதிக்கரையில் வீடு வாசலின்றிக் கிடந்த மனிதர்களை அவர் படம் எடுத்தார். எடுத்ததோடு விடவில்லை, பார்த்ததைக் குறிப்பாகவும் எழுதி வைத்தார். அந்தப் படங்களும் குறிப்புகளுமே பாட்டுக்கு விதை. கணவரும் மனைவியும் சேர்ந்து சொற்களை அமைத்தார்கள். மூச்சு வாங்கி இரைக்கும் ஒரு கிழவன். பூங்கா பெஞ்சு அவனுக்கு வீடு. நீரில் மூழ்குபவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சுவாசக் கருவி 'கர் கர்' என்று ஒலிக்கும் அல்லவா? அவன் மூச்சும் அப்படி ஒலிப்பதால் அக்கருவியின் பெயரையே அவனுக்குச் சூட்டினார்கள்: 'அக்வாலங்'.

பேசிங் தெரு என்ற இடத்தில், முன்பு சர்ச்சாக இருந்த ஒரு கட்டிடத்தை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் சம்மட்டி அடி போல் மின்சாரக் கிட்டார். பிறகு எல்லாம் அடங்கி, ஒற்றைக் கிட்டாரோடு மெல்லிய குரல். அந்த இடத்தில் தொலைபேசியில் கேட்பது போலக் குரலை ஒடுக்கி வைத்தார்கள். தூரத்திலிருந்து ஒருவனைப் பார்த்துக்கொண்டே, கிட்டப் போகத் துணியாமல் பேசுகிறவன் குரல் அது. 1971-ம் வருஷம் மார்ச் மாதத்தில் இசைத்தட்டு வெளிவந்தது. லட்சக்கணக்கில் விற்றது.

இந்தப் பாட்டில் ஒரு நேர்மை உண்டு. ஏழையைப் பார்த்து அழுது கண்ணீர் விடும் பாட்டல்ல அது. அவனைப் பார்க்கும்போது வசதியுள்ளவன் மனதில் எழும் அருவருப்பு, பயம், இரக்கம், குற்ற உணர்ச்சி எல்லாவற்றையும் மறைக்காமல் வைத்தார்கள். ஆனாலும் தோழர்களே, அது வெளியிலிருந்து பார்த்த பார்வை. பெஞ்சில் படுத்திருந்தவன் பாடவில்லை. அவனைப் படம் பிடித்தவர்கள் பாடினார்கள்.

சொல் தந்த ஜென்னியின் பெயர் பாட்டை இயற்றியவர் பட்டியலில் இயானின் பெயரோடு சேர்ந்து இடம் பெற்றது. அது நியாயம். தட்டின் அட்டைக்கு அந்தக் கிழவனின் உருவத்தை வர்ணம் தீட்டியவர் பர்ட்டன் சில்வர்மன் என்ற அமெரிக்க ஓவியர். அவருக்கு ஒரே தடவையில் ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பின்னால் அந்தப் படம் சட்டையிலும் வேறு சாமான்களிலும் அச்சாகி விற்றபோது, "இதற்கா நான் சம்மதித்தேன்?" என்று அவர் குறைப்பட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. ஒரு நாள் கூலிக்கு வேலை, ஆயுசு முழுக்க லாபம் வேறொருவருக்கு. இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்லவே!

கடல் தாண்டிய ஜனங்கள்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். உடையார்பாளையம் அந்தக் காலத்தில் ஜமீன். பழைய திருச்சி ஜில்லாவில் சேர்ந்த தாலுகா. அந்தத் திருச்சி ஜில்லாவிலிருந்தும் சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் பஞ்சத்தால் அடிபட்ட ஜனங்கள் இலங்கைக்குப் போனார்கள். ஊரில் ஒரு குழி நிலம் இல்லாதவர்கள், கடனில் மூழ்கியவர்கள், தீண்டாமைக் கொடுமையில் புழுங்கியவர்கள். கங்காணி முன்பணம் கொடுத்தான். கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனான். முதலில் காப்பித் தோட்டம். காப்பி நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலைத் தோட்டம்.

காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கியவர்கள் அவர்கள். குடியிருக்க அவர்களுக்குக் கிடைத்தது லயம். நீளமான கொட்டகை, அதைத் தடுத்துத் தடுத்து அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அதுவும் தோட்டத் துரையின் சொத்து. வேலை உள்ளவரைதான் கூரை.

தோட்டத்துத் தமிழில் ஒரு சொல் உண்டு. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு நாள் வேலையை 'பேர்' என்பார்கள். கணக்குப் புத்தகத்தில் பேர் விழுந்தால் கூலி உண்டு. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. காலையிலிருந்து அட்டைக் கடியிலும் மழையிலும் நின்றவள் முழு மனுஷி. கணக்கில் மட்டும் பாதி மனுஷி.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் வந்த பிரஜா உரிமைச் சட்டத்தினால் இந்தத் தோட்டத் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலோர், சுமார் ஏழு லட்சம் பேர், எந்த நாட்டுக்கும் பிரஜை அல்லாதவர் ஆனார்கள். 1964-ம் வருஷம் அக்டோபர் 30-ல் சிரிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974-ல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களைத்தான் இப்படிப் பிரித்தார்கள், தோழர்களே! இலங்கையில் எஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை முழுமையாகத் தீர 2003-ம் வருஷம் வரை சட்டம் போடவேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு என்று எண்ணப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். சிலருக்கு நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. சிலர் நூல் மில்களுக்குப் போனார்கள். பலர் எங்கெங்கோ கூலிக்குச் சிதறினார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. இரண்டு கரையிலும் வீடில்லை.

பேரன் கட்டிய பாட்டு

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர் வள்ளியம்மாள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். தமிழ்நாட்டுக்கு வந்தும் சொந்த நிலமின்றிக் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். அவருடைய பேரன்தான் அரக்கோணத்துப் பாடகர் அறிவு. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற, சாதியை எதிர்த்துப் பாடும் குழுவில் 2018 முதல் மேடையேறிப் பெயர் பெற்றவர்.

பாட்டி சொன்ன கதைகளும் அவர் வாயில் கேட்ட ஒப்பாரியும் தாலாட்டும் பேரன் மனதில் கிடந்தன. 2020-ம் வருஷக் கடைசியில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், பாடகி தீ, அறிவு மூவரும் ஒரு பாட்டு செய்ய உட்கார்ந்தார்கள். மண்ணையும் வேரையும் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்ற ஆரம்ப யோசனையை டைரக்டர் மணிகண்டன் தந்ததாகச் சந்தோஷ் நாராயணன் சொல்லியிருக்கிறார். 2021 மார்ச் 7-ல் பாட்டு வெளிவந்தது. 'எஞ்சாய் எஞ்சாமி'. உங்கள் பிள்ளைகள் செல்போனில் கேட்டு ஆடியிருப்பார்கள்; கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டிருப்பீர்கள். கோடிக்கணக்கான முறை உலகமெங்கும் கேட்ட பாட்டு.

'எஞ்சாமி' என்பது என்ன? 'என் சாமி'. பண்ணையில் வேலை செய்தவன் ஆண்டையைப் பார்த்து, கை கட்டி, துண்டை இடுப்பில் கட்டிச் சொன்ன சொல் அது. அதே சொல்லைப் பாட்டி பேரனைத் தூக்கிக் கொஞ்சும்போதும் சொல்கிறாள். அடிமைச் சொல்லும் அன்புச் சொல்லும் ஒன்றாக இருக்கிற மொழி நம்முடையது. அறிவு அந்தச் சொல்லை எடுத்து ஆண்டையிடமிருந்து பறித்து, பாட்டி கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பாட்டுப் படத்தில் வள்ளியம்மாளே ராணி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பாட்டின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். துள்ளிக் குதிக்கிற மெட்டுக்கு நடுவே ஓர் இடத்தில் ஒப்பாரி வருகிறது. வளர்த்தவளுக்கு விளைச்சலில் பங்கில்லை என்ற முறையீடு. ஊர் நீரிலும் மண்ணிலும் மனிதனுக்கு மட்டுமல்ல, வாயில்லா ஜீவனுக்கும் பங்குண்டு என்ற பேச்சு. ஆடுகிறவன் கால் ஆடிக்கொண்டே இருக்கும். காது அழுகையைக் கேட்டுவிடும். இது நம் ஜனங்கள் கண்ட முறைதான். சாவு வீட்டில் பறை அடித்து ஆடுகிறோம், அழவும் செய்கிறோம். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் தெருவில் வளர்த்த 'ராப்' முறையில் பாதியையும், கிழவிகளின் ஒப்பாரி முறையில் பாதியையும் சேர்த்துப் பின்னினார்கள்.

லண்டன் பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே வீடற்றவனைப் பார்த்தவர்கள் பாடினார்கள். இங்கே வீடற்றவளின் பேரனே பாடினான்.

பேர் எங்கே?

சரி, இந்தப் பாட்டுக்காவது முழுப்பேர் விழுந்ததா?

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் இந்தப் பாட்டைச் சிறப்பித்தது. அட்டையில் தீயின் படம் இருந்தது. அறிவு படம் இல்லை. டைரக்டர் பா. ரஞ்சித் முதலியோர் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார்கள். 2022 ஜூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் துவக்க விழா. பிரதம மந்திரியும் முதலமைச்சரும் இருந்த அந்த மேடையில் இந்தப் பாட்டைப் பாடினார்கள். தீயும், மூத்த நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. சில நாளில் அறிவு ஓர் அறிக்கை விட்டார். மெட்டும் சொல்லும் தாமே கட்டியவை, யாரும் எடுத்துக் கொடுத்ததல்ல என்றார். தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார்கள். அறிவின் பங்கை ஒவ்வொரு இடத்திலும் சொல்லியே வந்திருக்கிறோம், இது மூவரின் உழைப்பு, உரிமையும் மூவருக்கும் சமம் என்றார்கள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மூவருமே உழைத்தவர்கள்தான். ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளியே வந்து, இந்தப் பாட்டிலிருந்து எங்கள் மூவருக்கும் ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று அறிவித்தார். பாட்டை வெளியிட்ட நிறுவனம் தன் பக்கத்து விளக்கத்தைச் சொன்னது. கோடிக்கணக்கான காது கேட்ட பாட்டு. கட்டியவர்களோ எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். யாருக்கு எவ்வளவு பேர் என்று உழைத்த மூவரும் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், கணக்குப் புத்தகம் மூவர் கையிலும் இல்லை! லயத்தில் கேட்ட அதே கதை இது. பேர் போடுகிற பென்சில் யார் கையில் இருக்கிறதோ, அவன்தான் கூலியைத் தீர்மானிக்கிறான்.

அதற்கும் கீழே ஒரு படி உண்டு. அந்த ஒப்பாரியை வள்ளியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் யார்? அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் யார்? நமக்குத் தெரியாது. நம் நாட்டில் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 2012-ல் அதைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் வரவேண்டிய பங்கை எழுதி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று விதி செய்தார்கள். நல்ல விதி. ஆனால் சட்டத்துக்கு ஓர் ஆசிரியர் பேர் வேண்டும். நடவிலும் களத்திலும் சாவு வீட்டிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிய பாட்டுக்கு அது 'மரபுப் பாட்டு' என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறது. மரபு என்றால் யாருடையதும் அல்ல. யாருடையதும் அல்ல என்றால் எடுத்தவனுடையது. புறம்போக்கு நிலம் மாதிரிதான்.

பக்கத்தில் கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் சோழகங்கம் என்ற மாபெரும் ஏரியை வெட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மன்னனா மண்வெட்டி பிடித்தான்? மண் சுமந்தவர் பேர் எந்தச் செப்பேட்டில் இருக்கிறது?

நாம் செய்யவேண்டியது

தோழர்களே! பேசிக் கலைந்து போவதற்கா கூடினோம்? இரண்டு வேலைகள் சொல்கிறேன்.

முதல் வேலை மனை. அந்த லண்டன் பாட்டு வெளிவந்த அதே 1971-ம் வருஷம்தான் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அதுவரை பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைப் பிய்த்து எறிவார்கள். 1961-ல் வெளியேற்றுவதைத் தடுத்து ஒரு சட்டம். 1971-ல் அந்த மனையை அவனுக்கே சொந்தமாக்கி இன்னொரு சட்டம். மனை சொந்தமான பிறகுதான் கூலி கேட்கத் தைரியம் வந்தது. ஆனால் இன்றும் ஜெயங்கொண்டத்துத் தாலுகா ஆபீசுக்குப் பட்டாவுக்காக நடப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990-களில் நிலத்தை எடுத்து, திட்டம் வராமலே வருஷங்கள் ஓடியதையும் இந்தத் தாலுகா கண்டது. நிலம் என்பது காகிதத்தில் பேர் இருந்தால்தான் நிலம். ஆகவே மனையில் குடியிருந்தும் பேர் ஏறாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து மனு எழுதுங்கள். ஒற்றை ஆளாகப் போகாதீர்கள்.

இரண்டாவது வேலை பாட்டு. உங்கள் வீட்டில் நடவுப் பாட்டுத் தெரிந்த அத்தை இருக்கிறாள். ஒப்பாரி தெரிந்த அப்பாயி இருக்கிறாள். பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது முதலில் அவள் வாயாலேயே அவள் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஊர்ப் பேர். பிறகு, "இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் இன்னாள்" என்று அந்தப் பேரும். நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். யாராவது வந்து சினிமாவுக்கு வேண்டும், கச்சேரிக்கு வேண்டும் என்றால், பேர் போடுவீர்களா, பங்கு என்ன என்று முதலில் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். எழுதியதை வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டாமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை என்றொருவர் இருந்தார். தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 1947-ல் பார்லிமெண்டுக்கும் போனவர். லயம் லயமாகக் கேட்டு அந்த ஜனங்களின் பாட்டுகளைத் தொகுத்து வைத்தார். அவர் செய்திராவிட்டால் அவற்றில் பல, பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். அந்த வேலையை நம் தாலுகாவில் நாமே செய்யலாம். பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும்.

அறிவு 2024-ல் ஓர் இசைத் தொகுப்பு வெளியிட்டார். அதற்குப் பேர் 'வள்ளியம்மா பேராண்டி'. தன் பேருக்கு முன்னால் பாட்டியின் பேரைப் போட்டார். கணக்குப் புத்தகத்தில் அரைப்பேர் எழுதும் வழக்கத்துக்கு நல்ல பதில் அது. தேம்ஸ் கரையில் படுத்துக் கிடந்தவனுக்கு அப்படி ஒரு பேரன் வாய்க்கவில்லை. நம் வீட்டுக் கிழவிகளுக்கு நாம் இருக்கிறோம்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் இன்று ராத்திரியே ஒரு பாட்டுக் கேளுங்கள். முதலில் அவள் பேரைக் கேளுங்கள்.